சவர்க்காரம் பூசினால் புல்லி குணமாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழின் வாகனப் பராமரிப்புப் பகுதியில், எஞ்சின் பெல்ட் கீச்சிடும்போது காய்ந்த சவர்க்காரக் கட்டியை அதன் உட்பக்கத்தில் தேய்த்தால் சத்தம் நின்றுவிடும் என்றும், அதற்கும் நிற்காவிட்டால் பெல்ட்டை மாற்றினால் போதும் என்றும் எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருப்பார். எங்கள் பக்கத்துச் சாரதிகளிடம் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கமும் அதுவே. ஆயினும், திருகோணமலையில் கெப் என்னும் பின்தட்டுச் சரக்கு வாகனங்களைத் திருத்துவதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், அந்த இரண்டு ஆலோசனைகளும் வாசகர்களுக்கு வீண் செலவையும், சில வேளைகளில் ஆபத்தையும் கொண்டுவரும் என்பதைச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. பெல்ட் கத்துவது பெரும்பாலான வேளைகளில் பெல்ட்டின் குற்றமல்ல. அது சுற்றிவருகின்ற புல்லிகளில், அதாவது சுழல் சக்கரங்களில், ஏதோ ஒன்று தேய்ந்துவிட்டது, அல்லது நேர்விலகி நிற்கிறது. அந்தப் புல்லியைத் தேடிப் பிடிக்காமல் பெல்ட்டை மட்டும் மாற்றுகிறவர், அந்தப் புதிய பெல்ட்டையும் அதே புல்லிக்குத் தின்னக் கொடுக்கிறார்.

சவர்க்காரத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அது பெல்ட்டின் மேல் ஒரு வழுவழுப்பான படலமாகப் படிந்து சத்தத்தைச் சிறிது நேரம் அடக்குகிறது. சத்தம் அடங்கியது பெல்ட் இறுகப் பிடித்ததால் அல்ல, ஓசையில்லாமல் வழுக்கத் தொடங்கியதால்தான். பின்னர் அந்தப் படலத்தில் தூசியும் மணலும் ஒட்டிக்கொண்டு புல்லியின் பள்ளங்களை அராவுகின்றன. கடைகளில் விற்கும் பெல்ட் ஸ்பிரேக்களும், உட்பக்கத்தில் நீளவாட்டில் வரிகள் ஓடும் வரிப் பெல்ட்டுக்கு ஏற்றவையல்ல. சத்தத்தை அடக்கிவிட்டால் கோளாறு எங்கே இருக்கிறது என்று காட்டித்தரும் ஒரே அடையாளத்தையும் நாமே அழித்துவிடுகிறோம் என்பதுதான் இதில் எனக்குள்ள பெரிய ஆட்சேபம்.

புல்லிகளைத் தேடுவது கடினமான வேலை அல்ல. கெப் வாகனங்களில் எஞ்சின் முன்பின்னாக நீளவாட்டில் பொருத்தப்பட்டிருப்பதால், பொனற்றைத் திறந்து ரேடியேற்றருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள வெளியை மேலிருந்து பார்த்தாலே எல்லாப் புல்லிகளும் ஏறத்தாழ ஒரே தளத்தில் நிற்பதைக் காணலாம். எல்லாவற்றுக்கும் கீழே, நடுவில், மற்றவற்றைவிடப் பெரிதாக இருப்பது கிராங்க் புல்லி. முன்பக்கத்தில் எஞ்சினின் சுழற்சி வெளியே வருவது அதன் வழியாகத்தான். ஏனையவை எல்லாம் பெல்ட்டின் மூலம் அதனிடமிருந்து சுழற்சியை வாங்குகின்றன. அதற்கு நேர் மேலே, காற்றாடிக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் தண்ணீர்ப் பம்பின் புல்லி. உடலெங்கும் காற்றுத் துவாரங்களும் பின்னால் தடித்த வயரும் உள்ளது, பற்றரிக்கு மின்னூட்டும் ஒல்டனேற்றர். எண்ணெய்க் குழாய் வந்து சேர்வது பவர் ஸ்டீயரிங் பம்ப். விரல் பருமனான இரண்டு அலுமினியக் குழாய்கள் பொருத்தப்பட்டு, புல்லியின் முகத்தில் ஒரு தட்டையான இரும்புத் தட்டு தெரிந்தால் அது ஏசி கொம்பிரசர். குழாயும் இல்லாமல், வயரும் இல்லாமல், ஒரு போல்ட்டில் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும் சிறிய புல்லிகள் ஒன்றோ இரண்டோ மிஞ்சும். பெல்ட்டைத் திருப்பிவிடுவதற்காக அசையாமல் நிற்பதை ஐட்லர் என்றும், வில் பொருத்திய கையின் நுனியிலிருந்து பெல்ட்டை இழுத்துப் பிடிப்பதை டென்ஷனர் என்றும் சொல்கிறோம்.

வாகனம் வைத்திருப்போர் பலருக்கு இந்த இரண்டு சிறிய புல்லிகளும் இருப்பதே தெரியாது. ஆனால் முதலில் கெடுவது பெரும்பாலும் இவைதான். அதற்குக் காரணம் எளிய கணக்கு. கிராங்க் புல்லியின் விட்டம் 150 மில்லிமீற்றர், ஐட்லரின் விட்டம் 75 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொண்டால், எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும்போது ஐட்லர் 6,000 சுற்றுச் சுற்ற வேண்டும். அந்த வேகத்தையும் எஞ்சினின் சூட்டையும் தாங்குவது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு பெயாரிங்கும் (புல்லி சுழல உதவும் குண்டு வளையம்) அதற்குள் தொழிற்சாலையில் அடைத்த சிறிதளவு கிறீசும் மட்டுமே. வெளியிலிருந்து கிறீஸ் போட அதற்கு வழியும் இல்லை.

பழைய ஹைலக்ஸ், எல்200 போன்றவற்றில் வீ வடிவப் பெல்ட்கள் இரண்டு மூன்று தனித்தனியாக ஓடுகின்றன. பிற்காலத்து வாகனங்களில் அகன்ற ஒரே வரிப் பெல்ட் எல்லாவற்றையும் வளைத்துச் சுற்றிக்கொண்டு போகிறது. முன்னையதில் ஒரு பெல்ட் அறுந்தால் ஒன்றிரண்டு வேலைதான் நிற்கும். பின்னையதில் அறுந்தால் எல்லாம் ஒன்றாக நிற்கும். எல்லாரும் பேன் பெல்ட் என்று ஒரே பெயரில் சொல்லிவிடுவதால், இந்த வேறுபாடு கராஜுக்கு வந்து பொனற்றைத் திறந்த பிறகுதான் பலருக்குத் தெரியவருகிறது.

பெல்ட் அறுந்தால் பற்றரி இறங்கும், எஞ்சின் சூடேறும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதைவிட முக்கியமான ஒன்றை ஞாயிறு இதழின் குறிப்பு தொடவே இல்லை. டீசல் எஞ்சினில், பெற்றோல் எஞ்சினில் உள்ளதுபோல் காற்றை அடைக்கும் வால்வின் பின்னால் போதிய உறிஞ்சல் உண்டாவதில்லை. ஆதலால் மிதியின் விசையைப் பெருக்கிக் கொடுக்கும் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய உறிஞ்சலைத் தருவதற்கு வக்கியூம் பம்ப் ஒன்று தனியாகத் தேவைப்படுகிறது. பழைய டீசல் கெப்கள் பலவற்றில் அந்தப் பம்ப் ஒல்டனேற்றரின் முதுகில் பொருத்தப்பட்டிருக்கிறது. ஒல்டனேற்றரைச் சுற்றும் பெல்ட் போனால் அதுவும் நின்றுவிடும். பூஸ்டரில் எஞ்சியிருக்கும் உறிஞ்சலைக் கொண்டு ஒன்றிரண்டு தடவை பிரேக் வழமைபோல் பிடிக்கும். அதன் பிறகு மிதி கல்லாக இறுகிவிடும். ஒரு தொன் மீனும் ஐஸும் ஏற்றிய வாகனம் அந்த நிலையில் எவ்வளவு தூரம் ஓடி நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் மீன் ஏற்றிக்கொண்டு நள்ளிரவில் தம்புள்ளைப் பக்கம் புறப்பட்ட கெப் ஒன்று, கந்தளாயைத் தாண்டி ஹபரணைக்குப் போகும் காட்டு வீதியில் இப்படி நின்றுபோய், மறுநாள் கட்டியிழுத்துக் கொண்டுவரப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். யானை நடமாட்டமுள்ள அந்த வீதியில் இரவில் இறங்கி நின்று பார்க்க யாருக்கும் துணிவு வராது. அந்த வாகனத்துக்கு அதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான் வேறோர் இடத்தில் புதிய பெல்ட் போடப்பட்டிருந்தது. நாங்கள் கழற்றிப் பார்த்தபோது ஐட்லரின் பெயாரிங் இறுகி நின்றுவிட்டிருந்தது. அதன் பிளாஸ்டிக் விளிம்பு உருகி ஒரு பக்கம் சப்பையாகி, பெல்ட்டின் கறுப்பு நார்கள் அதில் பாகுபோல ஒட்டியிருந்தன. பெல்ட் போட்டவர் அந்தப் புல்லியை ஒரு தடவை விரலால் சுழற்றிப் பார்த்திருந்தால், ஒரு லோட் மீன் பழுதாகியிருக்காது.

எங்கள் மாவட்டத்தில் இந்தப் புல்லிகள் மற்ற இடங்களைவிட முந்திக் கெடுவதற்குத் தக்க காரணங்கள் உண்டு. நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை வீதி நெடுகக் கடற்காற்றின் உப்பும் மணலும் எஞ்சின் முகப்புக்குள் நேரே வந்து விழுகின்றன. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டு ஓடத்துக்குக் காத்துக்கிடந்த காலம் முடிந்ததன் பின்னர், மூதூர், சம்பூர், வெருகல் பக்கத்து நெல்லும் மீனும் கெப்பில் ஏறி நகருக்குள்ளும் அதற்கு அப்பாலும் இடைவிடாமல் போய்வருகின்றன; நல்லதுதான், ஆனால் ஓட்டமும் கூடிவிட்டது. மாரியில் மகாவலி பெருகி வீதியில் தண்ணீர் நிற்கும்போது, சூடேறிய பெயாரிங் அதற்குள் முங்குகிறது. சூடான பொருள் சடுதியாகக் குளிரும்போது உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி வெளியிலுள்ள தண்ணீரை இறப்பர் மூடியின் விளிம்பு வழியாக உள்ளே இழுக்கும். அன்று ஒன்றும் தெரியாது. தண்ணீர் வடிந்து சில வாரங்கள் கழிந்து, உள்ளே துருப்பிடித்த பின்னர்தான் முனகல் கேட்கும். அதற்குள் வெள்ளத்தில் இறங்கியதையே சாரதி மறந்திருப்பார்.

சேர்விஸ் நிலையங்களில் எஞ்சினைக் கழுவும் விதமும் இதற்குச் சற்றும் குறைந்ததல்ல. உயர் அழுத்தத் தண்ணீர்க் குழாயை ரேடியேற்றருக்குப் பின்னால் நுழைத்துப் புல்லிகளின் நடுவில் நேராகப் பிடித்தால், எந்த மூடியும் அதைத் தடுக்காது. அழகாகக் கழுவித் தாருங்கள் என்று கேட்பவர்களும் நாம்தானே.

சத்தத்தை வைத்துக் கோளாறைப் பிரித்தறிவதற்கு ஒரு போத்தல் தண்ணீர் போதும். எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போது, கையும் சட்டையும் காற்றாடிக்கு எட்டாத தூரத்தில் நின்று, பெல்ட்டின் வரியுள்ள பக்கத்தில் சிறிது தண்ணீரைத் தெளிக்க வேண்டும். சத்தம் சட்டென்று நின்று, ஈரம் காய்ந்ததும் திரும்பி வந்தால், ஏதோ ஒரு புல்லி மற்றவற்றின் தளத்திலிருந்து விலகி நிற்கிறது. தண்ணீர் பட்டதும் சத்தம் இன்னும் உரத்தால், பெல்ட்டின் இழுவை போதாது. வில் தளர்ந்த டென்ஷனரைச் சந்தேகிக்க வேண்டும். தண்ணீருக்கு எந்த மாற்றமும் காட்டாமல் உறுமலாகவோ இரைச்சலாகவோ தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் அது பெயாரிங்.

எந்தப் பெயாரிங் என்று அறிய, நீளமான ஸ்க்ரூட்ரைவர் ஒன்றின் நுனியை ஒல்டனேற்றரின் கூட்டிலும், தண்ணீர்ப் பம்பின் உடலிலும், டென்ஷனர் கையின் அடியிலும் மாறி மாறி வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் அழுத்திக் கேட்கலாம். சுழலாத பாகத்தில் மட்டுமே வைக்க வேண்டும். பழகிய காதுக்கு இது போதும். பழகாதவர்கள் எஞ்சினை நிறுத்தி, பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, பெல்ட்டை இறக்கிவிட்டு ஒவ்வொரு புல்லியையும் கையால் சுழற்றிப் பார்ப்பதே நிச்சயமான வழி. நல்ல புல்லி சற்றுக் கனமாகச் சுழன்று விரைவில் நின்றுவிடும். உள்ளே கிறீஸ் இருப்பதன் அடையாளம் அது. நன்றாகச் சுற்றுகிறதே என்று பலர் மகிழ்ந்துபோகும் புல்லி, அதாவது ஒரு தட்டுத் தட்டினால் சர்ரென்ற ஓசையோடு நெடுநேரம் சுற்றிக்கொண்டே இருக்கும் புல்லி, கிறீஸ் முற்றாக வற்றியது. சுழலும்போது விரல் நுனியில் நறநறப்புத் தெரிந்தாலும், விளிம்பைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டும்போது சிறிதளவு ஆட்டம் இருந்தாலும் அது போக வேண்டியதுதான். தண்ணீர்ப் பம்பில் அத்தகைய ஆட்டத்தோடு, அதன் அடியிலுள்ள சிறு துவாரத்தில் கூலன்ற் வடிந்து காய்ந்த தடமும் இருந்தால், புல்லியை மட்டும் மாற்றிப் பயனில்லை. பம்பையே மாற்ற வேண்டும்.

பெல்ட்டைப் பார்க்கும் முறையும் இப்போது மாறிவிட்டது. முன்னைய பெல்ட்கள் முதிர்ந்தால் வெடிப்புக் காட்டும். வெடிப்பை எண்ணிப் பார்த்து மாற்றுவோம். அண்மைக் காலத்து ஈபீடீஎம் இறப்பர் பெல்ட்கள் வெடிப்பதில்லை, தேய்கின்றன. வரிகளுக்கிடையே உள்ள பள்ளம் கூர்மை இழந்து அகன்றுவிட்டால், பார்வைக்குப் புதியதுபோல் இருந்தாலும் அந்தப் பெல்ட் முடிந்துவிட்டது. ஒரு பக்க விளிம்பு மட்டும் நார் கிளம்பியிருந்தால், குற்றம் பெல்ட்டில் இல்லை. அந்தப் பக்கமாக அதைத் தள்ளிக்கொண்டிருக்கும் புல்லியைத் தேட வேண்டும்.

கிராங்க் புல்லியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பார்ப்பதற்கு ஒரே இரும்புத் துண்டுபோல இருந்தாலும், டீசல் கெப்கள் பலவற்றில் அது உட்குடம், வெளிவளையம் என்ற இரண்டு துண்டுகளும் அவற்றை ஒட்டி நிற்கும் ஒரு இறப்பர்ப் படையுமாக அமைந்தது. எஞ்சினின் ஒவ்வொரு வெடிப்பும் கிராங்க் தண்டைச் சிறிது முறுக்கி விடுகிறது. அந்த அதிர்வை விழுங்குவதற்காகவே அந்த இறப்பர். எண்ணெய் கசிந்து அதில் ஊறினாலோ, வயதாகிக் காய்ந்தாலோ வெளிவளையம் உட்குடத்தின் மேல் நழுவத் தொடங்கும். இதைக் கண்டுபிடிக்க நாங்கள் செய்வது இதுதான்: எஞ்சினை நிறுத்திவிட்டு, உட்குடத்திலிருந்து இறப்பரைக் கடந்து வெளிவளையம் வரை வெண்கட்டியால் ஒரு நேர்கோடு இழுப்போம். வாகனத்தைச் சிறிது தூரம் ஓட்டிவந்த பின்னர் கோடு நேராக இருந்தால் நல்லது. உள்கோடு ஓரிடத்திலும் வெளிக்கோடு வேறிடத்திலும் நின்றால், அந்தப் புல்லியை உடனே மாற்ற வேண்டும். ஒட்டவைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்; நழுவிய வளையம் ஒருநாள் கழன்று ரேடியேற்றரைக் கிழித்துக்கொண்டு போகும்.

இதை மாற்றுவது வீட்டு முற்றத்தில் செய்யும் வேலையல்ல. நடு போல்ட் மிகுந்த இறுக்கத்தில் இருக்கும். புல்லி சுழலாமல் பிடிப்பதற்குத் தனிக் கருவியும், திருப்பி இறுக்குவதற்கு அளவு காட்டும் ஸ்பானரும் தேவை. ஸ்பானரை சட்டத்தில் முட்டுக்கொடுத்துவிட்டு ஸ்ராட்டரை ஒரு அடி அடித்துப் போல்ட்டைத் தளர்த்துவதைச் சிலர் திறமையாகக் காட்டுகிறார்கள். ஸ்பானர் நழுவினால் அது யார்மேல் போய் விழும் என்று அவர்களுக்கும் தெரியாது.

இதற்கிடையே, எஞ்சினின் முன்மூடிக்கு உள்ளே ஓடும் டைமிங் பெல்ட்டை இந்தப் பெல்ட்டோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது பல்லுள்ளது, வெளியே தெரியாது, அதற்கென்று தனி ஐட்லரும் டென்ஷனரும் உண்டு. ஹைலக்ஸின் 2கேடீ, 1கேடீ எஞ்சின்களில் அதை 150,000 கிலோமீற்றரில் மாற்றும்படி தயாரிப்பாளரே சொல்கிறார்; முகப்பில் அதற்கென ஒரு விளக்கும் எரியும். விளக்கை அணைத்துவிட்டுப் பெல்ட்டை மாற்றாமல் விற்ற வாகனங்களும் சந்தையில் இருப்பதால், பழைய கெப் வாங்குகிறவர்கள் மாற்றியதற்கான பற்றுச்சீட்டைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. அந்தப் பெல்ட் மாற்றும்போது அதன் புல்லிகளையும் சேர்த்து மாற்றாமல் விடுவது, மிச்சம்பிடிக்கக்கூடாத இடத்தில் மிச்சம்பிடிப்பதாகும். உள்ளே ஒரு பெயாரிங் இறுகினால் வால்வும் பிஸ்டனும் மோதி, எஞ்சின் முழுவதையும் இறக்க நேரிடும்.

மறுபுறம், தேவையில்லாமல் பெரிய செலவு வைக்கப்படும் இடமும் ஒன்று உண்டு. அது ஏசி கொம்பிரசர். ஏசி போடாதபோதும் அதன் புல்லி பெல்ட்டோடு சேர்ந்து சுற்றிக்கொண்டேதான் இருக்கும். ஏசியைப் போட்டதும் முன்னாலுள்ள தட்டைக் காந்தம் இழுத்துப் புல்லியோடு ஒட்டவைக்க, அப்போதுதான் கொம்பிரசர் சுழல்கிறது. ஆகவே ஏசியை அணைத்திருக்கும்போதும் உறுமல் கேட்டால், கெட்டது புல்லிக்குள் இருக்கும் பெயாரிங்; ஏசி போட்டால் மட்டும் கேட்டால், கோளாறு கொம்பிரசருக்குள் அல்லது அந்தத் தட்டில். முதலாவது நிலையில் கொம்பிரசர் முழுவதையும் மாற்ற வேண்டியதே இல்லை. இடமிருந்தால் கொம்பிரசரைக் கழற்றாமலே, வாயுவையும் வெளியேற்றாமலே, தட்டையும் புல்லியையும் மட்டும் இழுத்தெடுத்துப் பெயாரிங்கை மாற்றலாம். முழுக் கொம்பிரசருக்குப் பணம் கட்டிவிட்டு வந்து, பழையதைக் கையோடு கொண்டுவந்து காட்டியவர்கள் எங்கள் கராஜுக்கும் வந்திருக்கிறார்கள். அதன் உட்பாகத்தில் ஒரு குறையும் இருக்கவில்லை.

ஐட்லரும் டென்ஷனரும் அப்படித்தான். புல்லி இரும்பாக இருந்து, பெயாரிங் ஒரு வளையக் கிளிப்பால் மட்டும் நிறுத்தப்பட்டிருந்தால், பெயாரிங்கைத் தனியாக மாற்றலாம். அதன் விளிம்பில் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அடிக்கடி காண்பது 6203. உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மில்லிமீற்றர். அந்த எண்ணை மட்டும் சொல்லிக் கடையில் கேட்டால், கொடுப்பவர் கையில் அகப்பட்டதைக் கொடுப்பார். எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளையும் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் இரும்புத் தகடு மூடிய வகையைவிட, 2ஆர்எஸ் என்று குறித்த இறப்பர் மூடி வகையே எங்கள் மணலுக்கும் உப்புத் தண்ணீருக்கும் தாக்குப்பிடிக்கிறது. அதோடு சீ3 என்ற குறியும் இருந்தால், சூட்டில் இரும்பு விரிவதற்கான இடைவெளி சற்றுக் கூடுதலாக விடப்பட்டது என்று பொருள். பெயாரிங்கைப் புல்லிக்குள் அமுக்கும்போது வெளிவளையத்தில் மட்டுமே விசை கொடுக்க வேண்டும். உள்வளையத்தில் சுத்தியலால் தட்டினால், பூட்டும்போதே அதன் குண்டுகள் தடத்தில் குழி பதித்துவிடும். பிளாஸ்டிக்கை பெயாரிங்கோடு சேர்த்து வார்த்த புல்லிகளில் இந்த முயற்சி வேண்டாம். முழுப் புல்லியாக வாங்குவதே முறை.

கழற்றிப் பூட்டுவதில் கவனிக்க வேண்டியவை சில. வரிப் பெல்ட் போகும் பாதையைக் கழற்றும் முன்னரே கைபேசியில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பெல்ட்டின் முதுகால் தண்ணீர்ப் பம்பைச் சுற்றும் அமைப்புள்ள எஞ்சினில், பெல்ட்டை வேறு வழியாகப் போட்டுவிட்டால் பம்ப் எதிர்த்திசையில் சுழலும். எல்லாம் புதிதாக இருந்தும் சூட்டுமானி முள் ஏன் ஏறுகிறது என்று தேடிக் களைத்துப்போவோம். ஐட்லரின் பின்னால் ஒரு தடித்த வாஷரோ குழாய்த் துண்டோ இருந்தால் அதைப் பத்திரமாக எடுத்துவைக்க வேண்டும். அது இல்லாமல் பூட்டினால் புல்லி ஓரிரு மில்லிமீற்றர் உள்ளே போய், மறுநாளே கீச்சொலி தொடங்கும். சில ஐட்லர்களின் போல்ட் இடப்புரி கொண்டது. வழமையான திசையில் பலங்கொண்டு திருகினால் அது தளராது, தலை முறியும். பவர் ஸ்டீயரிங் பம்பின் புல்லி பல வாகனங்களில் தண்டின் மேல் இறுக்கி ஏற்றப்பட்டிருக்கிறது. அதை இழுகருவியால் இழுத்தே எடுக்க வேண்டும். பின்னாலிருந்து நெம்பினால் புல்லி கோணும், முன்னாலிருந்து அடித்தால் பம்பின் உள்ளே பழுதாகும். எல்லாம் பூட்டிய பின்னர் நேரான இரும்பு அடிமட்டம் ஒன்றைப் புல்லிகளின் முகத்துக்குக் குறுக்கே வைத்துப் பார்த்தால் எது விலகி நிற்கிறது என்பது தெரியும்.

வீ பெல்ட் உள்ள பழைய வாகனங்களில் இழுவையைக் கையால் வைக்க வேண்டியிருப்பதால் அங்கேதான் பிழை அதிகம் நடக்கிறது. இரண்டு புல்லிகளுக்கு நடுவில் பெருவிரலால் பலமாக, அதாவது பத்துக் கிலோ பாரமளவுக்கு அழுத்தினால், பெல்ட் ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் தாழ வேண்டும். சரியான அளவு வாகனத்தின் கைநூலில் இருக்கும். அறுந்துபோகுமோ, வழுக்குமோ என்று அஞ்சிக் கம்பிபோல இறுக்கிவிட்டால், அந்த இழுவை முழுவதும் தண்ணீர்ப் பம்பினதும் ஒல்டனேற்றரினதும் பெயாரிங்மேல் விழும். புதிய பெல்ட் சில மணிநேர ஓட்டத்திலேயே சற்று நீளும் என்பதால் ஒருமுறை திரும்பப் பார்த்து இறுக்க வேண்டும். இதற்காக வாகனத்தைத் திருப்பிக் கொண்டுவாருங்கள் என்று சொன்னால், வருகிறவர்கள் மிகச் சிலர்.

வாங்கும்போது பெல்ட்டின் முதுகிலுள்ள எண்ணையும் ஒப்பிட வேண்டும். 6பீகே 1555 என்று இருந்தால் ஆறு வரிகள், 1555 மில்லிமீற்றர் நீளம். வரி ஒன்று குறைந்தாலும் புல்லியில் ஏறும், ஓடும். ஆனால் சுமை தாங்காது. கிட்டத்தட்டச் சரி என்று கடைக்காரர் தருவதை ஏற்றுக்கொள்ளும் வழக்கம் எங்களிடம் அதிகம்.

இதற்கெல்லாம் பின்னால் வேறொரு நிலைமையும் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்படும்வரை, இருக்கின்ற கெப்களைத்தான் எல்லாரும் திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். இப்போதும் வரியும் விலையும் சாதாரண மீன் வியாபாரிக்கோ விவசாயிக்கோ எட்டும்படி இல்லை. ஆதலால் கொழும்பின் பழைய உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையிலிருந்து வரும் கழற்றிய பாகங்களையும், பேர்பெற்ற பெயரை அச்சிட்ட பெட்டியில் வரும் போலிப் பெயாரிங்குகளையும் நாங்கள் அன்றாடம் சந்திக்கிறோம். கழற்றிய ஒல்டனேற்றரோ பம்போ வாங்குவதில் தவறில்லை. ஆனால் அதனோடு வரும் புல்லியை வாகனத்தின் பழைய புல்லியோடு பக்கத்தில் வைத்து, விட்டத்தையும் வரிகளின் எண்ணிக்கையையும் அளந்து பார்க்க வேண்டும். பழைய பெயாரிங்கை மட்டும் அப்படி வாங்கவே கூடாது. போலியைப் பெட்டியை வைத்து அடையாளம் காண்பது கடினம் என்றாலும், எண் அச்சிட்டதாக அல்லாமல் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்றும், மூடி விளிம்பு சீராக இருக்கிறதா என்றும் பார்ப்பதால் ஓரளவு தப்பலாம். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குவது இதற்கெல்லாம் மேலான காப்பு. ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம். கையில் சீட்டு இல்லாவிட்டால் அவர்களாலும் அதிகம் செய்ய முடியாது.

என்னைப் போன்ற கராஜ்காரர்களிடமும் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். மாற்றிய புல்லியையும் பெயாரிங்கையும் வாகன உரிமையாளரின் கையில் கொடுத்து, அதைச் சுழற்றிக் காட்டி, ஏன் மாற்றினோம் என்று விளக்குவதற்குச் சில நிமிடங்களே தேவை. அப்படிச் செய்யாததால்தான், பெல்ட் மட்டும் போடச் சொன்னேன், புல்லிக்கும் பணம் கேட்கிறார்கள் என்ற முறைப்பாடு எழுகிறது. வாடிக்கையாளரின் அந்தச் சந்தேகத்துக்கு அஞ்சியே, புல்லி கெட்டிருப்பது தெரிந்தும் வாய் திறக்காமல் பெல்ட்டை மட்டும் போட்டு அனுப்புகிறவர்களும் எங்களிடையே இருக்கிறார்கள். தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் மெக்கானிக் பயிற்சி பெறும் இளைஞர்களுக்கு, இயந்திரப் பாகங்களைக் கழற்றிப் பூட்டப் பழக்குவதோடு, கண்டதைச் சொல்லவும் காட்டவும் பழக்குவது அவசியம் என்பது என் கருத்து.

ஞாயிறு இதழின் அந்தப் பகுதியை எங்கள் மாவட்டத்துச் சாரதிகள் பலர் வெட்டி எடுத்து வைத்துக்கொள்கிறார்கள் என்பதை நான் அறிவேன். கடந்த வாரக் குறிப்பைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, சவர்க்காரம் போட்டும் நிற்கவில்லை என்று என்னிடம் காட்டியவரும் உண்டு. அவருடைய வாகனத்தில் தளர்ந்திருந்தது டென்ஷனர். ஆகவே, பெல்ட்டில் சவர்க்காரமோ வேறெதுவுமோ பூச வேண்டாம் என்ற திருத்தத்தையும், தண்ணீர் தெளித்துப் பார்க்கும் முறையையும், புல்லியைக் கையால் சுழற்றிப் பார்க்கும் முறையையும் அதே பகுதியில், அதே அளவு எழுத்தில், மாரி தொடங்குவதற்கு முன்னர் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். படத்தோடு போடுவதாயின், ஐட்லரும் டென்ஷனரும் தெளிவாகத் தெரியும் ஒரு படத்தை எங்கள் கராஜிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
வாகனத் திருத்துநர் ஒருவர்,
பாலையூற்று, திருகோணமலை.